சேரன்மாதேவி குருகுலமும் சொல்லாமல் விட்ட விதியும்

பாவூர்சத்திரத்தில் திருநெல்வேலி ரயில் ஏறினால் கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டிச் சேரன்மாதேவி வரும். சுரண்டைக்காரர்களில் பலர் அந்த ஸ்டேஷனை எத்தனையோ தடவை கடந்து போயிருப்போம். நூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்ட ஒரு சண்டை அந்த ஊரில்தான் கிளம்பியது. பிள்ளைகள் சாப்பிட எங்கே உட்காருவது என்பதுதான் சண்டையின் விஷயம்.

அந்தப் பள்ளியை நடத்தியவர் வ.வே.சு. ஐயர். திருச்சி வரகனேரிக்காரர். பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போய், அங்கே சாவர்க்கர் கூட்டத்தோடு சேர்ந்து, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி 1910-ல் புதுச்சேரி வந்தவர். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்த ஊரில் பத்து வருஷம் பாரதியார், அரவிந்தர் முதலியவர்களோடு இருந்தார். 1920-ல் வெளியே வந்து 'தேசபக்தன்' பத்திரிகைக்கு ஆசிரியரானார். அதில் வந்த எழுத்துக்காகச் சிறை சென்றார். விடுதலையான பிறகு, 1922-ல் கல்லிடைக்குறிச்சியில் குருகுலம் தொடங்கிப் பிறகு சேரன்மாதேவிக்கு மாற்றினார். தமிழ்க் குருகுலம், பரத்வாஜ ஆசிரமம் என்பன அதன் பெயர்கள். சர்க்கார் பள்ளிக்கு மாற்றாக, தமிழ் வழியில், கைத்தொழிலும் உடற்பயிற்சியும் தேசபக்தியும் சேர்த்துப் பிள்ளைகளை வளர்ப்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். அதில் யாரும் குறை சொல்லவில்லை.

பணம் பொதுமக்களிடமிருந்து வந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தர ஒப்புக்கொண்டு, முதலில் ஐயாயிரம் கொடுத்தது. அந்தக் காலத்து ஐயாயிரம் என்ன மதிப்பு என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலேயா முதலிய கீழை நாடுகளில் பிழைக்கப் போன தமிழர்களும் கொடுத்தார்கள். பிராமணரல்லாத தனவந்தர்களும் கொடுத்தார்கள். தேசியக் கல்வி என்று கேட்டதால் கொடுத்தார்கள்.

விடுதிக்குள்ளே மற்றப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட, இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனி இடத்தில் சாப்பாடு. அவர்களுடைய பெற்றோர் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள், ஐயர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஐயர் சாதி பார்க்கிறவர் அல்லர், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடக்கூடியவர் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பணம் கொடுத்தவர்களில் பலருக்கு இந்த ஏற்பாடு தெரியாது. பின்னாளில் சென்னை மாகாண முதல்வரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் வீட்டுப் பிள்ளை அங்கே படித்தார் என்றும், அவர் வழியாகத்தான் விஷயம் வெளியே வந்தது என்றும் பெரும்பாலான நூல்கள் சொல்கின்றன. அதாவது, நன்கொடை கொடுத்த பெரியவர்களுக்கு அந்த விதியைத் தெரியப்படுத்தியது ஒரு சிறுவனின் மனவருத்தம்.

அப்புறம் நடந்தது தெரிந்த கதை. காங்கிரஸ் செயலாளராயிருந்த ஈ.வெ. ராமசாமி மீதிப் பணத்தைத் தர மறுத்தார். டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' பத்திரிகையிலும் மேடைகளிலும் கண்டித்தார். 1925 மார்ச்சில் காந்திஜி சென்னை வந்தபோது வழக்கு அவர் முன்னாலும் போயிற்று. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அந்த இருவரை மட்டும் விட்டுவிடுவது, இனிமேல் அப்படி யாரையும் சேர்ப்பதில்லை என்ற சமரசம் பேசப்பட்டது, நாயுடு ஏற்கவில்லை. ஏப்ரல் கடைசியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி கூடி, தேசிய இயக்கத்தில் பங்கு பெறும் நிறுவனங்கள் பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பார்க்கக் கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானத்தை நிறைவேற்றியது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஐயரும் குருகுலப் பொறுப்பை விட்டார். 1925 ஜூன் 3-ம் தேதி, பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்து, இருவருமே போய்ச் சேர்ந்தார்கள். அந்த வருஷ நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காமல் ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார். பிறகு வந்த அரசியல் நாம் வாழ்ந்து பார்த்தது.

இந்தச் சண்டையைப் பற்றி இரண்டு பக்கத்தாரும் நிறைய எழுதியாயிற்று. தனிப் பந்தி சரியா தவறா என்பதுதான் பேச்சு. தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் பார்ப்பது இன்னொன்று. ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு எழுதியவனுக்கு அதுதான் கண்ணில் படுகிறது. இரண்டு பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு, மற்றப் பெற்றோருக்கும் பணம் கொடுத்தவர்களுக்கும் சொல்லப்படவில்லை. நன்கொடை கேட்ட நாளிலேயே "எங்கள் விடுதியில் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு" என்று ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாதிப் பேர் பணம் தந்திருக்க மாட்டார்கள். சண்டை அன்றைக்கே வந்திருக்கும். ஆனால் பெரியவர்களுக்குள் வந்திருக்கும். பிள்ளைகள் சேர்ந்த பிறகு, அவர்கள் தட்டுக்கு முன்னால் வந்திருக்காது. வெளியே எழுதிப் போட முடியாத விதி என்றால், அது இருக்கக்கூடாத விதி என்று ஐயருக்கே அப்போது தெரிந்திருக்கும்.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். பிரான்ஸில் 1901 ஜூலை 1-ம் தேதிச் சங்கச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி பதிவான சங்கத்தின் விதிகளை அரசு அலுவலகத்தில் போய் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் அதற்கும் முந்தியே, 1860-ம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டத்தின் 19-வது பிரிவு, ஒரு ரூபாய் கட்டிவிட்டுச் சங்கம் தாக்கல் செய்த காகிதங்களை எவரும் பார்க்கலாம் என்றது. தமிழ்நாட்டில் இப்போது நடப்பது 1975-ம் வருஷச் சட்டம். 2019-ல் உச்ச நீதிமன்றம், அரசிடமிருந்து கணிசமாகப் பணம் பெறும் தொண்டு நிறுவனங்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆக, வழி இருக்கிறது. ஆனால் தாக்கல் செய்த பைலாவில் நோக்கமும் நிர்வாகக் குழுவும் இருக்கும். விடுதியில் யார் எங்கே படுப்பது, தப்பு செய்தால் என்ன தண்டனை, பிள்ளை புகார் சொன்னால் யார் கேட்பது என்பதெல்லாம் அதில் இராது. சேரன்மாதேவி விதியும் அப்படி ஏட்டில் இல்லாத விதிதான்.

மறைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே பாய் ஸ்கவுட் அமைப்பு, பிள்ளைகளிடம் தப்பாக நடந்த ஆட்களைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ரகசியக் கோப்பு வைத்திருந்தது. 1965 முதல் 1985 வரையிலான கோப்புகள் ஆரிகன் மாநில நீதிமன்ற உத்தரவால் 2012-ல்தான் வெளியே வந்தன. 2020-ல் அமைப்பே திவால் மனுப் போட்டது. ஸ்கவுட்டின் நல்ல பெயரைக் காப்பாற்றத்தான் கோப்பைப் பூட்டினார்கள். பெயரும் போயிற்று, பிள்ளைகளும் பாதிக்கப்பட்டார்கள்.

எல்லாவற்றையும் வெளியே போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புகார் கொடுத்த பிள்ளையின் பெயர், வீட்டுச் சூழ்நிலை, வைத்தியக் குறிப்பு இவை பூட்டின பீரோவில் இருக்க வேண்டியவை. 2012-ல் வந்த போக்சோ சட்டமும் பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. ஆளைப் பற்றியது ரகசியம். விதியைப் பற்றியது பொது. இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டால் குழப்பம் இல்லை.

நம் பக்கமும் கோடை வந்தால் பயிற்சி முகாம், உண்டு உறைவிட வகுப்பு, விளையாட்டுக் கழகம் என்று நோட்டீஸ் வருகிறது. பேரப்பிள்ளைகளை அனுப்புகிறோம், ரசீது வாங்கிக்கொண்டு நன்கொடையும் தருகிறோம். நடத்துகிறவர்களில் மிகப் பலர் நல்லவர்கள். ஐயரும் நல்லவர்தான், மகளுக்காகத் தண்ணீரில் குதித்தவர். நல்லவர் நடத்துகிறார் என்பதால் விதியைக் கேட்காமல் இருக்க முடியாது. அடுத்த தடவை ரசீதோடு விடுதி விதியையும் ஒரு பிரதி கேளுங்கள். கொடுத்தால் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். "அதெல்லாம் உள் விஷயம் தாத்தா" என்று சொன்னால், பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.