பொருநை கலக்கும் கடலின் பெயர்

புன்னைக்காயல் கரையில் நின்று கிழக்கே நோக்கினால் தெரிவது மன்னார் வளைகுடா. பொதிகையில் பிறந்து திருநெல்வேலிச் சீமையை வளமாக்கி வரும் தாமிரபரணி இங்கேதான் கடலோடு கலக்கிறது. ஆயினும் இக்கடலின் பெயர் நம் கரைக்குரியதன்று. எதிரே இலங்கையின் வடமேற்கிலுள்ள மன்னார்த் தீவுக்குரியது. அப்படியாயின், இக்கடலில் நம் கரைக்குப் பெயருரிமை இருந்ததே இல்லையா?

இருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி என்னும் கிரேக்க நிலநூலார் இதனைக் 'கொல்கி வளைகுடா' என்றே குறித்தார். கொல்கி என்பது பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கையே. அசோகரின் கல்வெட்டுகள் கூறும் 'தம்பபண்ணி' இலங்கையே என்பது அறிஞர் பலர் கொள்கை. ஆற்றுக்கும் அக்கரைத் தீவுக்கும் ஒரே பெயர் வழங்கியது வியப்பன்றோ!

பின்னர் வந்த அரபு வணிகர் இக்கரையை 'மஅபர்' என்றனர். கடக்கும் இடம் என்பது அதன் பொருள். 1290களில் மார்க்கோ போலோ கண்ட காயல் துறையில் ஹுர்முஸ், ஏடன் கலங்கள் குதிரைகளுடன் வந்து நின்றன.

அப்பெயர்கள் ஏன் நிலைக்கவில்லை? ஆறு கொணர்ந்த வண்டல் கடலைத் தள்ளியது. கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே நிற்கும் சிற்றூர். அதன்பின் ஓங்கிய பழைய காயலும் தூர்ந்தது. வாணிகம் தூத்துக்குடியை அடைந்தது. துறைகள் இடம் மாறின, தீவு மாறவில்லை. கடலின் பெயர் தீவிடமே தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என நாம் கருதுகிறோம்.

1976இல் இந்தியாவும் இலங்கையும் இவ்வளைகுடாவில் எல்லை வகுத்துக்கொண்டன. அதற்கு முன்பே, 1961உடன் தூத்துக்குடி முத்துக்குளிப்பு முடிந்துவிட்டது. ஆயினும் கடலடியில் நம் மொழி இன்னும் கிடக்கிறது. முத்துச்சிப்பி விளையும் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். தொள்ளாயிரம் பார் அவற்றுள் ஒன்று. இப்பெயர்களைக் காத்தவை ஏடுகள் மட்டுமல்ல. பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களுமாகிய குளியாளிகளின் நாவும் ஆகும்.

கொற்கையை வண்டல் மூடியது. அதை நம்மால் தடுத்திருக்க இயலாது. பார்களின் பெயர்களை மறதி மூடினால் குற்றம் நம்முடையதே. வீட்டில் முதியோர் இருப்பின் இன்றே கேட்டு எழுதி வைப்போம்.