அயல்நாட்டுச் சம்பாத்திய விலக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வருமான வரிச் சட்டம், 911-ஆம் பிரிவின் பிரகாரம், அயல்நாட்டில் வசித்து உழைத்துப் பொருளீட்டும் தன் பிரஜைகளுக்கு அளிக்கும் சலுகை. பெரும்பாலான தேசங்கள் வாசஸ்தலத்தை ஆதாரமாகக் கொண்டு வரி விதிக்க, அமெரிக்காவோ பிரஜை எங்கு சென்றாலும் விடாது பின்தொடர்கிறது. மெக்சிகோவில் வசித்த குக் என்பவர் தொடுத்த வழக்கில், 1924-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவ்வதிகாரத்தை ஊர்ஜிதம் செய்தது.

விலக்குக் கோருபவரின் தொழில் ஸ்தானம் அயல்நாட்டில் இருப்பதோடு, அவர் ஒரு முழு வரியாண்டு அங்கே மெய்யாகக் குடியிருந்திருக்க வேண்டும். அன்றேல், தொடர்ந்த 12 மாதங்களில் 330 முழு நாட்களை அயல்நாடுகளில் கழித்திருக்க வேண்டும். முழு நாள் என்பது நள்ளிரவு தொடங்கி மறு நள்ளிரவு வரையிலானது. ஆகவே நியூயார்க்கில் மாலை விமானமேறி, நள்ளிரவில் அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேல் பறந்து, காலையில் லண்டனில் இறங்குபவருக்கு இறங்கிய தினம் கணக்கில் சேராது. ஒரு நாள் குறைந்து சலுகையை இழப்பது இவ்விதத்தில்தான்.

2024-ஆம் ஆண்டுக்குரிய உச்சவரம்பு 1,26,500 டாலர். வட்டி, பங்காதாயம், ஓய்வூதியம், அமெரிக்க அரசாங்கச் சம்பளம் ஆகியவை இவ்விலக்கில் அடங்கா. சலுகை தானே வந்து சேர்வதன்று. வரி ஒரு காசும் இல்லையெனினும், 2555-ஆம் படிவத்தை வருஷாந்தரக் கணக்கோடு இணைத்துத் தாக்கல் செய்தே தீரவேண்டும். சுயதொழில் புரிவோர் செலுத்தும் சமூகப் பாதுகாப்பு வரியை இவ்விலக்கு தொடுவதில்லை. விலக்கப்பட்ட வருமானத்தின்மேல் அயல்நாட்டுக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளவும் இடமில்லை.