சென்னை ஓப்பன்: பட்டியலில் இல்லாத பெயர்

ஜனவரி முதல் வாரம் ஏற்காட்டில் சாயங்காலம் ஆனாலே பனி இறங்கிவிடும். வெளியே போக மனசு வராது. அந்த வாரம் எங்கள் வீட்டு டிவியில் சென்னை ஓப்பன்தான் ஓடும். அதன் பழைய சாம்பியன்கள் பட்டியலை இப்போது எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது.

1996இல் டெல்லியில் தொடங்கிய போட்டி இது. அடுத்த வருஷமே சென்னை நுங்கம்பாக்கம் மைதானத்துக்கு வந்துவிட்டது. 2017 வரை 21 முறை இங்கேதான் நடந்தது. ஒற்றையரில் அதிகப் பட்டம் சுவிட்சர்லாந்தின் வாவ்ரிங்காவுக்கு: 2011, 2014, 2015, 2016 என நான்கு. 2014இல் இங்கே கோப்பை வாங்கிய அதே மாதம் ஆஸ்திரேலிய ஓப்பனையும் ஜெயித்தார். மோயா (2004, 2005), சிலிச் (2009, 2010) ஆளுக்கு இரண்டு. நடாலுக்கு இங்கே ஒற்றையர் பட்டம் கிடைக்கவே இல்லை. 2008 அரையிறுதியில் மோயாவோடு கிட்டத்தட்ட நாலு மணி நேரம் மல்லுக்கட்டி ஜெயித்தவர், இறுதியாட்டத்தில் யூஸ்னியிடம் 0-6, 1-6 என்று சுருண்டார்.

உறுத்துவது இதுதான்: இந்த ஒற்றையர் பட்டியலில் ஒரு இந்தியப் பெயர்கூடக் கிடையாது. கிட்டே போனவர் சோம்தேவ் தேவ்வர்மன் ஒருத்தர்தான். 2009இல் வைல்டு கார்டில் நுழைந்தார். மோயாவையும் கார்லோவிச்சையும் வீழ்த்தினார். அரையிறுதியில் ஷுட்லர் காயத்தால் விலக, இறுதியாட்டம் கிடைத்தது. சிலிச்சிடம் 4-6, 6-7 என்று தோற்றார். இரண்டாவது செட் டைபிரேக்கருக்குப் போனபோது நாங்கள் டிவி முன்னால் எழுந்தே நின்றுவிட்டோம்.

இரட்டையர் பட்டியலைப் புரட்டினால் கதையே வேற. பயஸ்-பூபதி ஜோடிக்கு மட்டும் ஐந்து பட்டம்: 1997, 1998, 1999, 2002, 2011. 2017 இறுதியாட்டத்தில் ஆடிய நாலு பேருமே இந்தியர்கள். போபண்ணாவும் நம்ம சென்னைப் பையன் ஜீவன் நெடுஞ்செழியனும் சேர்ந்து, புரவ் ராஜா-திவிஜ் சரண் ஜோடியை ஜெயித்தார்கள்.

சென்னையில் நடந்த கடைசி ஆட்டங்களில் அதுவும் ஒன்று. 2018இல் போட்டி புனேவுக்குப் போய்விட்டது.

கோப்பை வெளிநாட்டுக்குத்தானே போச்சு, இதில் நமக்கென்ன நஷ்டம் என்று கேட்கலாம். போட்டியை நடத்துபவர்கள் தரவரிசை பத்தாத சிலரை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதுதான் வைல்டு கார்டு. அது பெரும்பாலும் உள்ளூர் ஆட்களுக்கே போகும். சோம்தேவ் வந்த வாசல் அதுதான். நாம் இழந்தது அந்த வாசலைத்தான்.