லீ சியாங்லான் என்கிற யோஷிகோ யமகுச்சி

யோஷிகோ யமகுச்சி 1920 பிப்ரவரி 12 அன்று மஞ்சூரியாவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை தென்மஞ்சூரிய ரயில்வே ஊழியர்களுக்குச் சீன மொழி கற்பித்தவர். தந்தையின் நண்பரான சீனத் தளபதி ஒருவர் அவரை வளர்ப்பு மகளாக ஏற்று, லீ சியாங்லான் என்று பெயரிட்டார். காசநோயால் பலவீனமான மூச்சு வலுப்பெறப் பாட்டுப் பயிலும்படி மருத்துவர் சொல்ல, ஆப்பரா பாடகி ஒருவரிடம் அவர் பயின்றார். பள்ளிச் சிறுமியாக இருந்தபோதே முக்டன் நகர வானொலியில் பாடத் தொடங்கினார்.

ஜப்பான் உருவாக்கிய பொம்மை அரசான மஞ்சுகுவோவில் 1937-இல் ஒரு திரைப்பட நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜப்பானை விரும்பும் சீனப் பெண்ணாகத் திரையில் நிறுத்த, இரு மொழிகளும் தடையின்றிப் பேசும் அழகிய பாடகி அதற்குத் தேவைப்பட்டார். 1938-இல் நடிக்க வந்த யோஷிகோ சீனராகவே விளம்பரம் செய்யப்பட்டார். ஜப்பானிய ரசிகர்களும் அதை நம்பினர். 1941 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவின் நிச்சிகெகி அரங்கில் அவர் பாடியபோது, கூட்டம் கட்டடத்தை ஏழரைச் சுற்று சுற்றி நின்றது என்பார்கள்.

இந்த ஏமாற்று எவ்வளவு கொடியது என்பதை 1940-இல் வந்த 'சீன இரவுகள்' காட்டியது. சீன-ஜப்பான் போரில் பெற்றோரை இழந்து, ஜப்பானியரை வெறுக்கும் சீனப் பெண்ணாக அவர் நடித்தார். ஜப்பானியக் கப்பல் அதிகாரி அவளைக் கன்னத்தில் அறைகிறார். அந்த அறையிலேயே அவரது அன்பை உணர்ந்து அவள் மனம் மாறுகிறாள். ஜப்பானியருக்கு அது காதல் காட்சி. சீனர்களுக்கோ தாங்க முடியாத அவமதிப்பு. பின்னாளில் பெய்ஜிங்கில் நிருபர் ஒருவர், சீனராக இருந்துகொண்டு இத்தகைய படங்களில் எப்படி நடித்தீர்கள் என்று கேட்டார். யோஷிகோ மன்னிப்புக் கேட்டார்; தாம் ஜப்பானியர் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அபினிப் போரைப் பற்றிய 1943-ஆம் ஆண்டுப் படத்தில் அவர் பாடிய மிட்டாய் விற்கும் பெண்ணின் பாட்டும், 'யெலைசியாங்' பாடலும் சீன மக்களிடையே பெரும் புகழ் பெற்றன. 1944-இல் அவர் மஞ்சூரிய நிறுவனத்தை விட்டு விலகினார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஷாங்காயில் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டார். நிரூபணமானால் மரண தண்டனை. சீனக் குடிமகளாக இருந்தால்தான் அந்தக் குற்றம் பொருந்தும். தாம் ஜப்பானியர் என்பதற்கு அவர் கையில் சான்று ஏதுமில்லை. பெய்ஜிங்கில் இருந்த பெற்றோர் குடும்பப் பதிவேட்டின் நகலை ஒரு ஜப்பானியப் பொம்மைக்குள் மறைத்து, அவருடைய ரஷ்யத் தோழி மூலம் சேர்ப்பித்தனர். அந்தத் தாள் உயிரைக் காத்தது. 1946-இல் விடுதலையாகி ஜப்பான் திரும்பினார்.

அங்கே தம் சொந்தப் பெயரில் மீண்டும் நடித்தார். 1950-இல் இயக்குநர் குரோசவாவின் 'அவதூறு' படத்தில் நடிகர் மிஃபுனேவுடன் தோன்றினார். ஷெர்லி யமகுச்சி என்ற பெயரில் ஹாலிவுட் படங்களிலும் நடித்தார். அவற்றுள் சாமுவேல் ஃபுல்லர் இயக்கிய 'மூங்கில் வீடு' 1955-இல் வெளிவந்தது. சிற்பி இசாமு நொகுச்சியுடனான மணவாழ்வு சில ஆண்டுகளில் முறிந்தது. 1958-இல் தூதரக அதிகாரி ஒருவரை மணந்து திரையுலகை விட்டு விலகினார்.

பின்னர் தொலைக்காட்சித் தொகுப்பாளராகி வியட்நாம், பாலஸ்தீனம் வரை சென்று செய்தி சேகரித்தார். 1974 முதல் 1992 வரை நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக இருந்தார். ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக்கிய பெண்களுக்கு இழப்பீடு வழங்க 1995-இல் அமைக்கப்பட்ட ஆசியப் பெண்கள் நிதியத்தின் துணைத் தலைவராகவும் பணியாற்றினார். 2014 செப்டம்பர் 7 அன்று, தமது 94-ஆம் வயதில் டோக்கியோவில் காலமானார்.