கிடங்குப் பூனையும் வீட்டுப் பூனையும்

போன மாதம் பேத்தி ஒரு பூனைக்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். "தாத்தா, இது நம்ம வீட்டிலேயே இருக்கட்டும்" என்றாள். எனக்கு மனசில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு எங்கள் கருப்பியைப் பறிகொடுத்தோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நின்ற கண்டெய்னர் லாரி ஒன்றின் அடியில் நிழலுக்குப் படுத்திருந்தாள். வரிசை நகர்ந்தது. அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். இந்தக் குட்டி வாசற்படி தாண்டக் கூடாது. இதைக் கேட்டதும் என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, பூனையைப் போய் யாராவது வீட்டுக்குள்ள அடைச்சு வைப்பாங்களா? பாவம் இல்லையா?" என்றாள்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடியபோது எனக்கு நான் வேலை பார்த்த துறைமுகம்தான் ஞாபகம் வந்தது.

1976-ல் நான் துறைமுகக் கிடங்கில் கணக்குப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது சரக்கெல்லாம் மூட்டையாகத்தான் வரும், போகும். கூரை வரை கோணி மூட்டைகளை அடுக்கியிருப்பார்கள். அடுக்கின் உச்சியில் ஒரு பூனை உட்கார்ந்து எல்லாரையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் அதை விலை கொடுத்து வாங்கியதில்லை. மத்தியானம் தூக்குச்சட்டி திறந்தால் மீன் தலை அதற்கு. ராயபுரத்திலிருந்து வரும் மேஸ்திரி ஒருவர், "அதுக்கும் ஒரு டோக்கன் போடு சார், நைட் டூட்டி பாக்குது இல்ல" என்பார்.

கேலிக்குச் சொன்னாலும் அதில் உண்மை இருந்தது. துறைமுகத்தில் பூனை ஒரு தொழிலாளிதான். கப்பலில் சரக்கோடு எலியும் வரும். எலி வந்தால் பஞ்சும் தானியமும் மட்டுமா நாசம்? 1896-ல் பம்பாய்த் துறைமுக நகரில் பிளேக் பரவி, பிறகு நாடு முழுவதும் லட்சக்கணக்கில் உயிர்களைக் கொண்டுபோனது. எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று 1898-ல் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் கண்டுபிடித்தார். பிறகு பூனைக்கு மவுசு வந்துவிட்டது. இந்திய மருத்துவப் பணியில் இருந்த புக்கானன் என்ற அதிகாரி, பூனை வளர்க்கும் வீடுகளில் பிளேக் குறைகிறது என்று வாதாடி 1908-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரையே எழுதினார்.

கப்பலைக் கட்டும் கயிற்றில் வட்டமான தகடு ஒன்று மாட்டியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். எலி கயிறு வழியே ஏறி இறங்காமல் தடுக்கத்தான் அது. கப்பலுக்குள்ளே அந்த வேலையைப் பூனை பார்த்தது. 1949-ல் சீனாவின் யாங்சி நதியில் குண்டடி பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் அமெதிஸ்டில் சைமன் என்றொரு பூனை. காயத்தோடு எலி பிடித்து உணவைக் காப்பாற்றியதற்காக அதற்கு டிக்கின் பதக்கம் கிடைத்தது. அந்தப் பதக்கத்தைப் பெற்ற ஒரே பூனை அதுதான். ஆனால் 1975-ல் அதே கடற்படை வெறிநோய் பயத்தால் கப்பலில் பூனை கூடாது என்று சொல்லிவிட்டது.

எங்கள் பக்கம் பூனையின் வேலைக்கு உலை வைத்தது கண்டெய்னர். 1983-ல் சென்னையில் கண்டெய்னர் முனையம் வந்தது. சரக்கு இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. தானியம் சிந்துவது குறைந்தது. மூட்டை அடுக்கு குறைந்தது. கூடவே பூனையும் குறைந்தது. பெட்டி ஏற்றிய லாரிகள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சாலையை அடைத்துக்கொண்டன. 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து பொம்மை ஏற்றி வந்த கண்டெய்னரில் ஒரு பூனை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியது உங்களுக்கு நினைவிருக்கலாம். கொரோனா பயத்தில் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அதிகாரிகளும், கூடாது என்று விலங்குநல அமைப்பினரும் வாதாடினார்கள். ஒரு காலத்தில் கப்பலில் வேலைக்காரனாக வந்த பூனை, இப்போது கள்ளப் பயணியாகிவிட்டது.

வீட்டுக்குள்ளேயே வாழும் பூனை என்பதே புதுசுதான். 1947-ல் அமெரிக்காவில் எட்வர்ட் லோவ் என்பவரிடம், பூனைக்கு வைக்கும் சாம்பல் வீடெல்லாம் கால்தடம் ஆகிறது என்று பக்கத்து வீட்டு அம்மா குறைப்பட, அவர் ஈரம் உறிஞ்சும் களிமண் குருணையைக் கொடுத்தார். அது பெரிய வியாபாரமானது. பூனையை இரவு பகலாக வீட்டில் வைத்துக்கொள்ள வழி பிறந்தது.

ஆக, என் மனைவியின் கேள்விக்குப் பதில் இதுதான். அடைத்து வைப்பது மட்டும் என்றால் பாவம்தான். கிடங்கு கொடுத்ததை வீடும் கொடுத்தால் பாவமில்லை.

கிடங்கில் கோணி இருந்தது, நகம் கீற. நகம் கீறுவது சேட்டை இல்லை. பழைய மேல்தோல் கழன்று புது நகம் வெளியே வர அது கீறியாக வேண்டும். பாதத்தில் உள்ள வாசனையால் தன் இடம் என்று குறியும் வைக்கிறது. ஆசாரியிடம் மிஞ்சிய மூன்றடிக் கட்டையை வாங்கி, கனமான பலகையில் ஆடாமல் அறைந்து, கோணியும் தேங்காய்நார்க் கயிறும் சுற்றினேன். மூலையில் வைத்தபோது குட்டி சீண்டவில்லை. சோபா ஓரத்துக்கே நகர்த்தினேன். சோபா பிழைத்தது.

கிடங்கில் உயரம் இருந்தது. அலமாரிக்குப் பக்கத்தில் படிப்படியாக மூன்று பலகை அடித்தேன். உச்சிப் பலகை ஜன்னலை ஒட்டி. பால்கனிக்குக் கம்பி வலை.

மண் வேண்டும். தட்டில் மணல் பரப்பி, சாப்பாட்டுத் தட்டுக்கு எட்டத்தில் வைத்தோம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும் குட்டியைத் தூக்கி அதில் விட்டோம். நாலே நாளில் பழகிவிட்டது. ஒருநாள் பாயில் ஈரம் பண்ணியபோது பேத்தி அடிக்கக் கை ஓங்கினாள். தடுத்தேன். அடித்தால் குட்டி மணலைக் கற்றுக்கொள்ளாது, நம்மைப் பார்த்துப் பயப்படத்தான் கற்றுக்கொள்ளும்.

கடைசியாக, வேட்டை. விடியலும் அந்தியும் பூனையின் ஷிப்ட் நேரம். சாயங்காலம் நூலில் கட்டிய துணிப்பந்தைப் பத்து நிமிஷம் இழுத்து ஓடவிட்டு, அப்புறம்தான் வேகவைத்த மீன். விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டுவதில்லை. குட்டியில் கடித்துப் பழகினால் வளர்ந்தும் கடிக்கும்.

நேற்று மாலை குட்டி உச்சிப் பலகையில் உட்கார்ந்து, கீழே நகரும் லாரி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மனைவி காபியோடு வந்து கொஞ்ச நேரம் நின்றாள். "கணக்கு சரியா பாக்குதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். கோபம் போய்விட்டது என்று நினைக்கிறேன்.