மெதடிஸ்ட் சபையின் புத்தாண்டு: விழிப்பிரவும் உடன்படிக்கை ஆராதனையும்

உடன்படிக்கை ஆராதனை என்பது மெதடிஸ்ட் சபையினர் புத்தாண்டை ஒட்டி, பெரும்பாலும் ஜனவரி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, நடத்தும் சிறப்பு வழிபாடு ஆகும். சபையார் அனைவரும் எழுந்து நின்றோ முழங்காலிட்டோ தங்களைக் கடவுளிடம் மீண்டும் ஒப்புக்கொடுத்து, பின்னர் திருவிருந்தில் பங்குகொள்வர். இதற்கு முன்னோடியாக டிசம்பர் 31 இரவில் விழிப்பிரவு ஆராதனை நடைபெறும். இவ்விரண்டும் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி (1703–1791) தொடங்கிய மெதடிஸ்ட் இயக்கத்தில் வேரூன்றியவை. ஆனால் இரண்டில் ஒன்றுகூடத் தொடக்கத்தில் புத்தாண்டு வழிபாடாக இருக்கவில்லை.

தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் புத்தாண்டு என்றதும் நினைவுக்கு வருவது வாக்குத்தத்த வசனம். நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு சிறு அட்டையை எடுப்பார்கள். அதில் அச்சிட்டிருக்கும் வேத வசனம் அந்த ஆண்டுக்குக் கடவுள் தமக்குத் தந்த வாக்கு என்று கொள்வார்கள். வெஸ்லியின் உடன்படிக்கை ஆராதனை எதிர்த்திசையில் செல்வது. அங்கே வாக்குக் கொடுப்பவர் மனிதர். இந்த ஆண்டு எனக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி அதில் இல்லை. என்னை என்ன செய்தாலும் சம்மதமா என்ற கேள்விதான் இருக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

நிலக்கரித் தொழிலாளர்களின் இரவு

பிரிஸ்டல் நகருக்கு அருகில் உள்ள கிங்ஸ்வுட் அக்காலத்தில் நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அங்கிருந்த தொழிலாளர்களை முரடர்கள் என்று ஊரார் ஒதுக்கியிருந்தனர். 1739-இல் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டும், அவரைத் தொடர்ந்து ஜான் வெஸ்லியும் கோயில் கட்டடத்துக்கு வெளியே, திறந்த வெளியில் அவர்களுக்குப் பிரசங்கம் செய்தார்கள். மனம் மாறியவர்களில் பலர் முன்பு சனிக்கிழமை இரவுகளை மதுக்கடையில் கழித்தவர்கள். அதே இரவைப் பள்ளிக்கூடத்தில் கூடி ஜெபத்திலும் பாட்டிலும் கழிக்கத் தொடங்கினர். இதை யாரும் மேலிருந்து கட்டளையிடவில்லை.

செய்தி வெஸ்லிக்குப் போனபோது, இதை நிறுத்திவிடுங்கள் என்று சிலர் அவருக்கு ஆலோசனை சொன்னார்கள். இரவில் ஆணும் பெண்ணும் கூடும் கூட்டம் ஊர்வாய்க்கு இடம் கொடுக்கும் என்ற அச்சம் அக்காலத்தில் இயல்பானதே. வெஸ்லி யோசித்துப் பார்த்தார். பழங்காலக் கிறிஸ்தவர்கள் இரா முழுவதும் விழித்திருந்து ஜெபித்ததையும் இதையும் ஒப்பிட்டு, தடுப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை என்று முடிவு செய்தார். தடுக்காதது மட்டுமல்ல, மற்ற ஊர்களுக்கும் அந்த வழக்கத்தைக் கொண்டுபோனார். அவருடைய சமய வாழ்வின் பெரிய பலம் இதுதான் என்பது என் கருத்து. எளிய மக்கள் தாமாகக் கண்டுபிடித்த ஒன்றை எடுத்து ஒழுங்குபடுத்த அவருக்குத் தெரிந்திருந்தது.

லண்டனில் முதல் விழிப்பிரவு 1742 ஏப்ரல் 9, வெள்ளிக்கிழமை நடந்தது. இரவு எட்டரை மணிக்குத் தொடங்கி நள்ளிரவு கடந்து சற்று நேரத்தில் முடியும். பௌர்ணமிக்கு முன்னோ பின்னோ வரும் மிக நெருங்கிய வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததாக வெஸ்லி தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். காரணம் இறையியல் அல்ல. தொலைவிலிருந்து வந்தவர்கள் நிலா வெளிச்சத்தில் வீடு திரும்ப வேண்டும் என்பதே. ஆக, விழிப்பிரவு முதலில் ஆண்டுக்கு ஒருமுறை வருவதாக இல்லாமல் நிலவை ஒட்டி மாதந்தோறும் வருவதாக இருந்தது.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. மக்கள் வழக்கில் ஜனவரி 1-ஐப் புத்தாண்டு நாள் என்று சொன்னாலும், ஆவணங்களில் ஆண்டு எண் மார்ச்சில்தான் மாறும். நாட்காட்டிச் சீர்திருத்தத்துக்குப் பின் 1752 முதல்தான் ஜனவரி 1 சட்டப்படியும் ஆண்டின் முதல் நாளாயிற்று. எனவே வெஸ்லியின் நாட்குறிப்புக் காலத்தைப் படிக்கும்போது ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்குச் சில நூல்களில் இரண்டு ஆண்டுகள் சேர்த்து எழுதப்பட்டிருந்தால் அதை அச்சுப்பிழை என்று நினைத்துவிடக் கூடாது.

மக்கள் வழக்கில் இருந்த அந்தப் புத்தாண்டு மெதடிஸ்டுகளுக்கு முதலிலிருந்தே முக்கியமானதுதான். 1739 ஜனவரி முதல் நாள், லண்டனில் ஃபெட்டர் லேனில் வெஸ்லி சகோதரர்கள், ஒயிட்ஃபீல்டு ஆகியோருடன் சுமார் 60 பேர் அன்பின் விருந்து ஒன்றில் கூடி, அதிகாலை மூன்று மணி வரை ஜெபத்தில் இருந்தனர். அன்பின் விருந்து என்பது அப்பமும் நீரும் பகிர்ந்து, அனுபவங்களைச் சாட்சியாகச் சொல்லும் எளிய கூட்டம். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரைச் சேர்ந்த மொராவியச் சகோதரர்களிடமிருந்து வந்தது. ஜானின் தம்பி சார்லஸ் வெஸ்லி 1750-இல் புத்தாண்டு நாளுக்கென்றே பாடல்கள் கொண்ட ஒரு சிறு தொகுப்பை வெளியிட்டார். காலப்போக்கில் மாத விழிப்பிரவு தேய்ந்து டிசம்பர் 31 இரவு மட்டும் நிலைத்தது.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், 1755

உடன்படிக்கையின் கதை வேறு. அதன் சொற்கள் வெஸ்லியுடையவை அல்ல. அவருக்கு ஏறத்தாழ நூறாண்டுகள் முந்தைய ஒரு பியூரிட்டன் போதகருடையவை.

1662-இல் இங்கிலாந்து அரசு வழிபாட்டு ஒருமைச் சட்டம் கொண்டுவந்தது. அரசு ஏற்ற ஜெபப்புத்தகத்துக்கு முழுச் சம்மதம் தெரிவிக்காத போதகர்கள் பணியிழந்தார்கள். அவ்வாறு வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 2,000 பேரில் சாமர்செட் பகுதியின் பேட்கோம் ஊர்ப் போதகர் ரிச்சர்ட் ஆலீன் (1611–1681) ஒருவர். வேலையும் வீடும் போன நிலையில் அவர் எழுதிய பக்தி நூல்களில், ஒரு மனிதர் கடவுளோடு உடன்படிக்கை செய்துகொள்வது எப்படி என்ற வழிமுறை இருந்தது. ஜான் வெஸ்லியின் தந்தைவழித் தாத்தாவும் தாய்வழித் தாத்தாவும் அதே சட்டத்தால் பதவியிழந்த போதகர்களே. ஆனால் அவருடைய பெற்றோர் இருவரும் இளமையிலேயே அரசுத் திருச்சபைக்குத் திரும்பிவிட்டனர். தந்தை அதில் போதகராகவும் ஆனார். தாத்தாக்களின் மரபு பேரனிடம் ஒரு புத்தகத்தின் வழியாகத் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

ஆலீன் சொன்னது தனிமையில் செய்யும் செயல். சில நாள் ஆயத்தப்பட வேண்டும். தன்னைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பின்பு தனியறையில் முழங்காலிட்டு உடன்படிக்கையைச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் போதாது, தாளில் எழுதிக் கையொப்பம் இட்டு வைத்துக்கொள்வது நல்லது என்பது அவர் அறிவுரை. பின்னால் சோதனைகள் வரும்போது எடுத்துப் பார்க்க ஒரு பத்திரம் இருக்கும் அல்லவா!

வெஸ்லி இதைச் சபையின் பொதுச் செயலாக மாற்றினார். 1747 கிறிஸ்துமஸ் நாட்களிலேயே உடன்படிக்கையைப் புதுப்பிக்கும்படி தம் மக்களை வலியுறுத்தியிருந்தார். முறையான முதல் ஆராதனை 1755 ஆகஸ்ட் 11 மாலை ஆறு மணிக்கு, லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் இருந்த பிரெஞ்சுக் கோயிலில் நடந்தது. மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி பிரான்சிலிருந்து வந்த ஹியூகனாட்டுகள் வாழ்ந்த, பட்டு நெசவுக்குப் பேர்போன பகுதி அது. ஆலீனின் சொற்களில் உடன்படிக்கையின் சாரத்தை வெஸ்லி எடுத்துரைத்ததும், சுமார் 1,800 பேர் சம்மதத்துக்கு அடையாளமாக எழுந்து நின்றனர். இதுபோன்ற இரவைத் தாம் முன்பு அபூர்வமாகவே கண்டதாக அவர் பதிவு செய்தார்.

கவனியுங்கள், அது ஆகஸ்ட் மாதம். பின்னர் பல ஆண்டுகள், அவர் எந்த ஊருக்குப் போனாரோ அந்த ஊருக்கு வசதியான நாளில் நடந்தது. லண்டனில் மட்டும் புத்தாண்டு நாளுடனோ அதையடுத்த ஞாயிறுடனோ இணைந்தது. 1780-இல் வெஸ்லி இதற்கான வழிமுறையைச் சிறு நூலாக வெளியிட்டார். அவர் மறைவுக்குப் பின் லண்டன் வழக்கமே எங்கும் பரவியது. பிரிட்டனில் இன்றும் சில சபைகள் ஜனவரிக்குப் பதில் செப்டம்பரில் இதை நடத்துகின்றன. மெதடிஸ்ட் சபையின் நிர்வாக ஆண்டு அங்கே செப்டம்பரில் தொடங்குகிறது.

சொற்கள் மாறிய விதம்

ஆலீனின் மூல வாசகம் நீண்டது, கடுமையானது. போதகர் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதாக அது 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் ராப்சன் என்ற வெஸ்லியன் போதகர் அதைத் திருத்தி, நன்றி, பாவ அறிக்கை, உடன்படிக்கை, திருவிருந்து என்ற ஓட்டத்தில் அமைத்து, சபையாரும் மறுமொழி சொல்லும் வடிவுக்குக் கொண்டுவந்தார். 1932-இல் பிரிட்டனின் மெதடிஸ்ட் பிரிவுகள் ஒன்றான பின், 1936 வழிபாட்டு நூலில் இவ்வடிவம் இடம்பெற்றது. இன்று பலரும் மனப்பாடமாக அறிந்த ஜெபம் அதுவே.

அந்த ஜெபத்தின் உள்ளடக்கம் இது: நான் இனி எனக்குச் சொந்தமல்ல. எந்த வேலை தரப்படும், யாரோடு சேர்த்து வைக்கப்படுவேன் என்று தீர்மானிக்கும் உரிமையை விட்டுவிடுகிறேன். உழைக்கவும் துன்பப்படவும் சம்மதம். பயன்படுத்தப்பட்டாலும் ஒதுக்கி வைக்கப்பட்டாலும் சம்மதம். எல்லாம் இருந்தாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சம்மதம். பணி ஓய்வு பெற்றவர்கள் அந்த 'ஒதுக்கி வைக்கப்பட்டாலும்' என்ற இடத்தில் ஒரு கணம் நின்றுதான் போவார்கள், நானும் நின்றிருக்கிறேன். நோயாளிகளுக்கும் வேலையிழந்தவர்களுக்கும் அது இன்னும் கனமான சொல்.

துன்பத்துக்கு ஒப்புக்கொடுப்பதாகச் சொல்வது பொருந்துமா என்ற விவாதமும் எழுந்தது. கடவுள்தாம் துன்பத்தை விரும்பித் தருகிறார் என்று கேட்பவருக்குத் தோன்றிவிடலாமே! கொடுமைக்கு ஆளான ஒருவரை மேலும் அடங்கிப்போகச் சொல்வதாகவும் ஆகலாம். 1999-இல் வெளியான பிரிட்டிஷ் மெதடிஸ்ட் வழிபாட்டு நூல் பழைய வாசகத்தோடு ஒரு மாற்று வாசகத்தையும் தந்தது. அதில் வேலை கிடைத்த காலமும் கிடைக்காத காலமும், கலக்கமும் அமைதியும் என்று வாழ்வின் நிலைகள் பேசப்படுகின்றன. புதிய வாசகம் நியாயமானது. ஆனாலும் பழையதன் கூர்மை அதில் சற்றுக் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு தேர்வைச் சபையிடம் விட்டது நல்ல முடிவு.

அமெரிக்காவில் ஓர் இரவு

விழிப்பிரவு வழக்கம் கடல் கடந்து அமெரிக்காவுக்கும் போனது. அங்கே கறுப்பின மக்களின் சபைகளில் அதற்குப் புதிய பொருள் ஏற்பட்டது. 1863 ஜனவரி 1 முதல், கிளர்ச்சி செய்த தென் மாநிலப் பகுதிகளில் அடிமைகளாக இருப்போர் விடுதலை பெற்றவர்கள் ஆவர் என்ற லிங்கனின் பிரகடனம் நடைமுறைக்கு வரவிருந்தது. அதற்கு முந்தைய இரவான 1862 டிசம்பர் 31-இல் கறுப்பின மக்கள் தேவாலயங்களில் கூடி விடியலுக்காகக் காத்திருந்தனர். ரிச்சர்ட் ஆலன் தலைமையில் 1816-இல் உருவான ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை உள்ளிட்ட பல சபைகளில் அந்த நினைவு இன்றும் ஆண்டிறுதி இரவோடு பிணைந்திருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்கள் மதுக்கடைக்கு மாற்றாகத் தொடங்கிய இரவு, விலங்கு கழலுமா என்று காத்திருந்தவர்களின் இரவாயிற்று.

தமிழர் சபைகளில்

வெஸ்லியன் மிஷனரிகள் 1813 டிசம்பர் இறுதியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறினர். தலைவர் தாமஸ் கோக் 1814 மே மாதம் நடுக்கடலில் காலமானார். எஞ்சியவர்கள் 1814 ஜூன் 29 அன்று இலங்கையின் காலியில் இறங்கினர். அவர்களில் ஜேம்ஸ் லிஞ்சும் தாமஸ் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்துக்கும், வில்லியம் ஆல்ட் மட்டக்களப்புக்கும் சென்றனர். லிஞ்ச் 1817-இல் சென்னைக்கு வந்தார். பின்னர் நாகப்பட்டினம், மன்னார்குடி, திருச்சிராப்பள்ளி போன்ற இடங்களில் வெஸ்லியன் பணி வளர்ந்தது.

1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, தமிழ்நாட்டின் வெஸ்லியன் சபைகள் அதில் கலந்தன. கலந்தபோது தங்கள் உடன்படிக்கை ஆராதனையையும் கொண்டுவந்தன. 1963-இல் வெளியான அத்திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில் அது இடம்பெற்றது. ஆங்கிலிக்கன் மரபில் வளர்ந்த ஊர்களும் இவ்வாறு வெஸ்லியின் வழக்கத்தைப் பெற்றன. அமெரிக்க வழியில் வந்த மெதடிஸ்ட் சபைகள் இந்த இணைப்பில் சேரவில்லை. அவை இன்று இந்திய மெதடிஸ்ட் திருச்சபையாக உள்ளன. இலங்கை மெதடிஸ்த திருச்சபை 1964-இல் தன்னாட்சி பெற்றது.

நான் பார்த்த சபைகளில் டிசம்பர் 31 இரவு நிற்க இடம் இருக்காது. புதுத்துணியும் வண்ண விளக்கும் கேக்குமாக ஊரே திரண்டிருக்கும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வந்திருப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்ததும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லி, வாக்குத்தத்த அட்டையை எடுத்துக்கொண்டு கலைவார்கள். அதற்கடுத்த ஞாயிறு உடன்படிக்கை ஆராதனைக்கு வருவது வழக்கமான கூட்டம்தான். விருந்தினர் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள், பந்தல் பிரித்திருக்கும். ஆயர் உடன்படிக்கையை வாசிக்க, முன்வரிசையில் பெரியவர்கள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு புத்தகத்தைப் பார்த்து மெதுவாகச் சொல்வார்கள். நள்ளிரவில் எடுத்த அட்டை வேதாகமத்துக்குள் ஆண்டு முழுவதும் இருக்கும். இந்த ஆராதனை முடிந்தபின் வீட்டுக்குக் கொண்டுபோக எதுவும் தருவதில்லை. ஆலீன் சொன்ன அந்தக் கையொப்பமிட்ட தாளை எழுதும் வழக்கத்தையும் நான் எங்கும் கண்டதில்லை.