பின்வாங்கிய கன்ட்ரோலர்: மெய்நிகர் தரவு மையங்களின் வலையமைப்பு வரலாறு, ஓசூர் சாலையிலிருந்து ஒரு பார்வை

எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஓசூர் சாலையில் தெற்கே போனால், பொம்மசந்திராவை அடுத்து ஆனேக்கல்லுக்குத் திரும்பும் முனையில் இருக்கிறது சந்தாபுரா. தமிழக எல்லைப் பக்கம் என்பதால் கடைத்தெருவில் கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் காதில் விழும். ஆர்.கே.பாலிகாவின் முயற்சியில் 1978-இல் கியோனிக்ஸ் நிறுவனம் எலக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. பிறகு இன்ஃபோசிஸ், விப்ரோ, ஹெச்பி வளாகங்கள் அங்கே எழுந்தன. அவற்றில் வேலை செய்வோர் குடியேறக் குடியேற இந்தச் சாலையோர ஊர்களும் வளர்ந்தன. கடல் கடந்த தரவு மையங்களை இரவுப் பணியில் இருந்து பராமரிக்கும் பொறியாளர்கள் இங்கே ஏராளம். சுவிட்சுகளை நடுவிலிருந்து இயக்கும் வலையமைப்புக் கன்ட்ரோலரின் வரலாற்றை அவர்கள் பக்கத்திலிருந்து, அதாவது நிறுவிப் பராமரிப்பவர் பக்கத்திலிருந்து பார்க்கிறது இக்கட்டுரை. அப்படிப் பார்க்கையில் தெரிவது இதுதான்: எல்லா முடிவையும் தானே எடுக்கப் பிறந்த கன்ட்ரோலர், படிப்படியாகப் பின்வாங்கியதால்தான் தரவு மையத்தில் நிலைத்தது.

தொடக்கம் ஸ்டான்ஃபோர்டில். மார்ட்டின் கசாடோ, நிக் மெக்கியோன், ஸ்காட் ஷென்கர் முதலியோர் 2007-இல் வெளியிட்ட ஈத்தேன் ஆய்வில், ஒவ்வொரு புதிய தகவல் ஓட்டத்தின் முதல் பாக்கெட்டும் மையக் கன்ட்ரோலரிடம் போகும். அது கொள்கையைப் பார்த்து அனுமதித்தால், வழியிலுள்ள சுவிட்சுகளில் அதற்கான பதிவு ஏறும். முந்நூறுக்கு மேற்பட்ட கணினிகளைக் கொண்ட வளாக வலையமைப்பில் இது நன்றாகவே ஓடியது. அடுத்த ஆண்டே, கன்ட்ரோலரும் சுவிட்சும் பேசிக்கொள்ளும் மொழியாக ஓப்பன்ஃப்ளோ வந்தது. ஆனால் நொடிக்கு நொடி எண்ணற்ற இணைப்புகள் பிறந்து மறையும் தரவு மையத்தில் முதல் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே வாசலில் காத்து நிற்க முடியாது. அந்த வாசல் மூடினால் புதிய இணைப்பே இல்லை.

இதற்கிடையே தரவு மையத்தின் தேவை வேறு திசையில் வளர்ந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமல் வேறு சர்வருக்கு மாற்றும் விமோஷன் வசதியை விஎம்வேர் 2003-இல் கொண்டுவந்தது. அப்படி மாறும்போது ஐபி முகவரி மாறக்கூடாது. ஆகவே இரண்டு சர்வர்களும் ஒரே இரண்டாம் அடுக்கு வலையமைப்பில் இருந்தாக வேண்டும். அதற்காக, வலையமைப்பைத் தனித்தனிப் பிரிவுகளாக்கும் விலேனை ரேக் ரேக்காக நீட்டினார்கள். விலேன் எண்ணுக்கு ஒதுக்கியது 12 பிட்தான், பயன்படுவது 4,094. பல வாடிக்கையாளர்களை ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கும் மையத்துக்கு அது சீக்கிரமே தீர்ந்துவிடும். புதிய மெய்நிகர் கணினி சில நிமிடங்களில் தயார். அதற்கு வேண்டிய விலேனை ஒவ்வொரு சுவிட்சிலும் ஏற்ற, மாற்றத்துக்கான அனுமதி கிடைக்கும்வரை நாள் கணக்கில் காத்திருப்பு. இந்த இடைவெளிதான் மென்பொருள்வழி வலையமைப்புக்கு உண்மையான கதவைத் திறந்தது என்பது என் முடிவு.

2011-இல் வரைவாக முன்வைக்கப்பட்டு, 2014 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 7348 ஆக வெளியான விஎக்ஸ்லேன், எண்ணை 24 பிட்டாக்கியது: 1,67,77,216 பிரிவுகள். அதன் ஆசிரியர்களில் ஒருவரான டி.ஸ்ரீதர், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர் என்பதைத் தமிழ் வாசகர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எந்த மெய்நிகர் கணினி எந்தச் சர்வருக்குப் பின்னால் இருக்கிறது என்பதை அறிய விஎக்ஸ்லேன் முதலில், ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் மல்டிகாஸ்ட்டை நம்பியது. மல்டிகாஸ்ட்டைப் பராமரிப்பது பல குழுக்களுக்குத் தலைவலி. கன்ட்ரோலருக்கான இடம் அங்கேதான் அமைந்தது: ஒவ்வொரு பாக்கெட்டின் வழியையும் தீர்மானிப்பதற்கு அல்ல, முகவரி அட்டவணையை முன்கூட்டியே வைத்திருந்து கொடுப்பதற்கு.

கசாடோ குழுவின் நைசிரா நிறுவனத்தை 2012-இல் 126 கோடி டாலருக்கு வாங்கிய விஎம்வேர், மறு ஆண்டு என்எஸ்எக்ஸ் என்ற வலையமைப்பு மென்பொருளை அறிவித்தது. அதை நிறுவியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு மூன்று. கன்ட்ரோலர்கள் மூன்று, ஒவ்வொன்றும் 4 மெய்நிகர் சிபியூ, 4 ஜிபி நினைவகம் கொண்ட மெய்நிகர் கணினி. மூன்றும் ஒரே சர்வரில் குந்திவிடக் கூடாது. அந்தச் சர்வர் விழுந்தால் மூன்றும் போயிற்று. எனவே பிரித்துவைக்கும் விதியை முதலிலேயே எழுத வேண்டும். ஒன்று விழுந்தால் பெரும்பான்மை நிற்கும். இரண்டு விழுந்தால் ஓடுகிற இணைப்புகள் ஓடும். ஆனால் இடம் மாறிய, புதிதாய்ப் பிறந்த கணினிகளின் இருப்பிடம் மற்ற சர்வர்களுக்கு எட்டாமல் போகலாம். இதற்கு 2017-இல் என்எஸ்எக்ஸ் 6.3 வரிசையில் மருந்து வந்தது: கன்ட்ரோலர் தொடர்பே அறுந்தாலும் சர்வர்கள் தமக்குள் சமாளிக்கும் ஒரு முறை. கன்ட்ரோலர் இல்லாத நிலைக்கும் சேர்த்துத் திட்டமிடும் இந்தப் போக்கு, நிறுவுவோரின் பட்டறிவு வடிவமைப்புக்குள் நுழைந்ததன் அடையாளம்.

இன்னொரு நுணுக்கம். ஒவ்வொரு பாக்கெட்டையும் சுற்றும் விஎக்ஸ்லேன் உறை 50 பைட் கூட்டும். கீழே உள்ள சுவிட்சுகளில் எம்டியூ, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவு, 1,500 ஆகவே இருந்தால் சாதாரண பிங் போகும், கோப்பை அனுப்பினால் நின்றுவிடும். கன்ட்ரோலர் திரையில் எல்லாம் பச்சை. குறைந்தது 1,600 வைத்து, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1,572 பைட் பிங் ஒன்றைச் சர்வருக்குச் சர்வர் அனுப்பிப் பார்ப்பது நிறுவல் பட்டியலில் தவறாத வரி. 28 பைட் தலைப்பு சேர்ந்தால் சரியாக 1,600.

ஜூனிப்பர் 2012 டிசம்பரில் வாங்கிய கான்ட்ரெயில், கன்ட்ரோலர்களை ரவுட்டர்களின் மொழியான பிஜிபி பேசவைத்தது. பழைய ரவுட்டர்களோடு ஒட்டிப் போக அது வசதி. மறுபக்கம், மையமே வேண்டாம் என்று சுவிட்சுகளே பிஜிபி வழியாக முகவரிகளைப் பரிமாறும் இவிபிஎன் முறையின் தரம் 2015-இல் வந்தது. அதே ஆண்டு ஓப்பன் விசுவிட்ச் குழு அறிவித்த ஓவிஎன்னில் நடுவில் இருப்பது முக்கியமாகத் தரவுத்தளமே. கன்ட்ரோலர் ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சிறு செயலியாக ஓடுகிறது. என்எஸ்எக்ஸின் அடுத்த தலைமுறையான என்எஸ்எக்ஸ்-டியின் 2019-இல் வந்த 2.4 பதிப்பு, தனிக் கன்ட்ரோலர்களையே மேனேஜருக்குள் கரைத்துவிட்டது. அங்கும் முனைகள் மூன்றுதான். முதலில் சொன்ன பழைய என்எஸ்எக்ஸுக்கான, அதாவது என்எஸ்எக்ஸ்-விக்கான, பொது ஆதரவு 2022 ஜனவரியில் முடிய, இடம்பெயர்க்கும் பணி குழு குழுவாக நடந்தது. 2023 நவம்பரில் விஎம்வேர் பிராட்காமின் கைக்குப் போனபின் உரிம முறை மாறியது. அதற்கு மாற்றாகத் திறந்த மூல ஓப்பன்ஸ்டாக்கையும் ஓவிஎன்னையும் எடைபோடும் வேலையும் தொடங்கியது.

இந்த வரலாற்றை எழுதுவோர் ஸ்டான்ஃபோர்டு கட்டுரைகளை மேற்கோள் காட்டுகிறார்கள், அது நியாயம்தான். ஆனால் எந்த வரிசையில் முனைகளை நிறுத்த வேண்டும், எந்தச் சோதனை முடியாமல் மாற்றத்தைத் தொடங்கக் கூடாது என்பதெல்லாம் ஓசூர் சாலை அலுவலகங்களில் எழுதப்பட்ட ரன்புக்குகளில், அதாவது செய்முறைக் குறிப்பேடுகளில்தான் இருக்கின்றன. ஒப்பந்தம் முடிந்ததும் அவை வாடிக்கையாளரிடம் போய்விடுகின்றன, அல்லது அழிக்கப்படுகின்றன. வாடிக்கையாளர் பெயரையும் முகவரிகளையும் நீக்கிவிட்டு அவற்றைச் சேகரிக்கும் பணியைப் பெங்களூருவின் பொறியியல் கல்லூரிகளில் ஏதாவது ஒன்று கையில் எடுக்க வேண்டும். என்எஸ்எக்ஸ்-வி காலத்து ஆவணங்களிலிருந்து தொடங்கலாம். அவற்றை எழுதியவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள்.